செவ்வாப்பேட்டையிலிருந்து திருப்பதிக்கு நடக்கலாம் வாங்க!

புரட்டாசி பிறந்துவிட்டால் நம்ம சென்னை–திருவள்ளூர் சி.டி.எச். ரோட்டில் மஞ்சள் துணி கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக "கோவிந்தா" சொல்லிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்கிறோம். நாமும் ஒரு தடவை போகணும் என்று நினைப்பதோடு வருஷம் ஓடிவிடுகிறது. இதற்கு ஏஜென்ட் வேண்டாம், வேன் வாடகை வேண்டாம், ஒரே மூச்சில் நடந்து முடிக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கைகொடுத்த சின்னச் சின்ன வழிகள் இதோ.

1. முதலில் பாதையைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்வாப்பேட்டையிலிருந்து காக்களூர் வழியாகத் திருவள்ளூர் வரை நடந்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுத்த லீவில் ரயிலில் திருவள்ளூர் போய் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில்தான் போனது; அந்தத் தடம் நமக்கு இன்னும் லாட்ஜ் செலவை மிச்சப்படுத்துகிறது!

2. திருவள்ளூர் தாண்டியதும் ரோடும் ரயிலும் பிரிந்துவிடும், இதை மறக்க வேண்டாம். ரயில் கடம்பத்தூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று சுற்றிப் போகும். ரோடு பட்டரைப்பெரும்புதூர், கனகம்மாசத்திரம் வழியாகத் திருத்தணிக்குப் போகும். இந்த நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே நாளில் நடக்க வேண்டாம். கனகம்மாசத்திரத்தோடு நிறுத்திக்கொண்டு பஸ் ஏறித் திரும்பினால், மறுநாள் வேலைக்குப் போகக் காலில் தெம்பு இருக்கும்.

3. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். மறுபடி நாலு மணிக்கு மேல் எழுந்தால் போதும். புரட்டாசி வெயில் பொன் உருகக் காயும், சாயங்காலம் திடீரென்று மழையும் கொட்டும்.

4. காக்களூர் தொழிற்பேட்டையைப் பொழுது விடிவதற்குள் தாண்டிவிடுவது நல்லது. ஷிப்ட் பஸ்ஸும் லாரியும் கிளம்பிவிட்டால் ரோட்டோரம் நடப்பது சிரமம். எப்போதும் ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வண்டி வருவது கண்ணில் படும்படி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள்.

5. வீட்டில் யாராவது கம்பெனி வேலைக்குப் போகிறவர் இருந்தால் பளபளக்கும் பட்டை வைத்த ஜாக்கெட் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் நடக்க அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வரிசையில் முதல் ஆளும் கடைசி ஆளும் போட்டுக்கொண்டால் போதும். ஆனால் கம்பெனி சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இரும்பு முனை விரலைப் பதம் பார்த்துவிடும்.

6. யாத்திரைக்கென்று புது ஷூ வாங்கினால் ஒரு மாதம் முன்பே வாங்கி, மார்க்கெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் போட்டுப் பழக்குங்கள். தேய்ந்து பழகின பழைய ஷூ இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம்.

7. செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: வெயில் ஏறிய பிறகு தார் மேல் கால் வைக்காமல், ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடங்கள். கறுப்புத் தாரைவிட வெள்ளைப் பெயின்ட்டில் சூடு குறைவு. காலை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும்.

8. கிளம்பும்போது விரலிடுக்கு, குதிகால், தொடை இடுக்கு மூன்று இடத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். உரசல் எரிச்சல்தான் பாதி வழியில் ஆளைத் திருப்பி அனுப்புவது. கால் வலி அல்ல. வேட்டி கட்டுகிறவர்கள் உள்ளே முட்டி வரை வருகிற டிராயர் போட்டுக்கொண்டால் இன்னும் நிம்மதி.

9. காலில் கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாதீர்கள். சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே பிளாஸ்திரி ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொண்டு நடங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவில் உள்ளங்காலைக் கட்டாயம் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்; உணர்ச்சி குறைவாக இருப்பதால் புண் வந்ததே தெரியாது.

10. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பையே தாராளம். துவைத்த துண்டை நான்கு ஊக்கு குத்திப் பையின் முதுகில் தொங்கவிட்டால், அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும், மாற்றுத் துணியும் குறையும்.

11. ரெயின்கோட் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். அரிசி வந்த பெரிய பிளாஸ்டிக் சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொன்றுக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி தயார். தலை, முதுகு, பை மூன்றும் நனையாது. உட்காரவும் அதுவே விரிப்பு. நனைந்த ஷூவுக்குள் இரவில் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து வையுங்கள், காலைக்குள் ஈரம் இழுத்துவிடும்.

12. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். செல்போன், ஆதார் கார்டு, பத்து ரூபாய்த் தாள்கள் எல்லாம் தனித்தனியாக அதில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினால் எந்த மழைக்கும் பயமில்லை.

13. கட்டுச்சாப்பாட்டுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லிக்கு ஈடில்லை. இட்லி நன்றாக ஆறிய பிறகு, நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இரண்டு பக்கமும் வெள்ளை தெரியாமல் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் இலைக்குள் வேர்த்து, மத்தியானமே நூல் விட ஆரம்பித்துவிடும். ராத்திரிக்கு என்று புளியோதரையை எடுத்துக்கொண்டால், புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிடுங்கள்.

14. வழி நெடுக அன்னதானப் பந்தல் போட்டு அன்போடு கூப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கையோடு வைத்திருந்தால், ரோட்டோரத்தில் குவிகிற பேப்பர் தட்டு குறையும். வேண்டியதை மட்டும் வாங்குங்கள். பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டால் கால் நகராது.

15. ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் விற்கிற பாக்கெட்டுக்கு வீட்டிலேயே இருக்கும் மாற்று இது. எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள். திருமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், கடைசியில் வேறு பாட்டில் வாங்கும் செலவும் மிச்சம்.

16. பெண்கள் கழிவறைக்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நல்ல வழக்கமே இல்லை, தோழிகளே. பெட்ரோல் பங்க், ரயில்வே ஸ்டேஷன், கோவில் இவற்றை முதல் நாளே ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டால் எங்கே எப்போது நிற்கலாம் என்று தெரிந்துவிடும். நாப்கின் தேவையைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கட்டும்.

17. வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போக மனசு வராதா? அவர்கள் ரயிலில் வரட்டும், நீங்கள் நடந்து வாருங்கள், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் சந்நிதியில் சேர்ந்துகொள்ளலாம். ஸ்டேஷனிலிருந்து கோவில் கொஞ்சம் தள்ளி இருப்பதால் ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை கொடுத்தனுப்புங்கள். குளத்தில் கரைக்கிற வெல்லத்தை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் வாசலில் விலை கேட்கவே வேண்டாம். அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், கூட்டத்தில் பெரியவர்கள் திண்டாடிவிடுவார்கள்.

18. கால் ஓய்வு கேட்கிற நாளை வீணாக்காமல், ரயிலில் திருவாலங்காடு போய் வாருங்கள். நடராஜருடைய ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான். காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து வந்த தலம் என்பார்கள். அந்தச் சந்நிதியில் நின்றால் நம்ம கால் வலியைச் சொல்ல வாய் வராது.

19. திருத்தணி மலையின் 365 படிகளைத் திருமலைக்கு ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். பை இல்லாமல் ஏறி, எங்கே மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். முட்டி வலித்தால் அடுத்த கட்டத்துக்கு ஒரு மூங்கில் தடி இப்போதே தேடி வைக்கலாம்.

20. பிள்ளைகள் சலித்துக்கொள்ளாமல் நடக்க ஒரு நோட்டு போதும். ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை போகிறவர்கள் தங்குமிடம் தோறும் ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்குகிறார்கள். நம் பிள்ளைகள் ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட், கோவில் அர்ச்சனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டே வரட்டும், அடுத்த பக்கத்தை நிரப்ப அவர்களே நம்மை இழுத்துக்கொண்டு போவார்கள்.

21. திருத்தணியைத் தாண்டினால் ஆந்திரா. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று ரயில் மறுபடி பக்கத்துணையாக வரும், களைத்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம். நகரி பக்கம் தமிழ் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். இருந்தாலும் "எந்த தூரம்" (எவ்வளவு தூரம்), "நீள்ளு" (தண்ணீர்) என்று இரண்டு தெலுங்கு வார்த்தை நாக்கில் இருந்தால் எல்லா இடத்திலும் உதவும்.

22. கால் பிசகினால் புத்தூர் கட்டுக்கு ஊரெல்லாம் பேர் இருக்கிறதே என்று உடனே ஓட வேண்டாம். வீக்கம் அதிகமாக இருந்தாலோ கால் ஊன்ற முடியாவிட்டாலோ முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அன்றோடு நடையை நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பெருமாள் எங்கேயும் போய்விட மாட்டார்.

23. கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை பக்கத்து நண்பர்கள் நம்ம ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டியதில்லை. பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாகப் புத்தூரில் சேர்ந்துகொள்ளலாம். சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலம், நாகலாபுரத்தில் மச்சாவதாரப் பெருமாள், நாராயணவனத்தில் பத்மாவதித் தாயாரின் கல்யாணத் தலம். பாதி நேரம் கோவில் வாசலிலேயே ஓய்வு கிடைக்கிற பாதை இது, எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

24. சென்னை சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்து திருக்குடை ஊர்வலம் நம்ம பக்கமாக வருகிற நாட்களில் குடையைக் கண் குளிரச் சேவித்துவிட்டு, நடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். பிரம்மோற்சவம் ஐந்தாம் நாள் கருட சேவைக்கு மலை மேல் கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் குறைந்த பிறகு போனால் தரிசனமும் நிதானம், தங்குகிற செலவும் குறைவு.

25. திருமலைக்கு ஏற அலிபிரிப் பாதையில் ஏறக்குறைய 3,550 படிகள், ஒன்பது கிலோமீட்டர். சீனிவாசமங்காபுரம் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுவில் சுமார் 2,388 படிகள், இரண்டு கிலோமீட்டர் சொச்சம். படி குறைவு என்று ஸ்ரீவாரி மெட்டுவுக்கு ஓடாதீர்கள், அது செங்குத்து. ஏற்கெனவே நடந்து களைத்த காலுக்கு, நடுவில் சமதளமும் வருகிற அலிபிரிதான் இதம் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

26. அலிபிரியில் பையை ஒப்படைத்தால் மலைமேல் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். ஆதாரையும் தண்ணீரையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் சிறுத்தை தாக்கியதிலிருந்து குழந்தைகளோடு ஏற நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். தரிசன டோக்கன் எங்கே, எத்தனை மணிக்கு என்பது அடிக்கடி மாறும். கிளம்புகிற வாரம் தேவஸ்தானத்தில் கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

27. திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால், அங்கிருந்து செவ்வாப்பேட்டை ரோட்டுக்கு மின்சார ரயில். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டே லட்டைப் பிரித்து அக்கம்பக்கத்துக்குப் பங்கு போட்டுவிடலாம்.