'லாஞ்ச்': கையை விட்டுப் புறப்படும் சொல்

வங்கி புதிய வைப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்கும்போது ஆங்கில விளம்பரத்தில் 'லாஞ்ச்' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பினாலும் அதே சொல். புதிய கப்பல் முதன்முதலில் நீரைத் தொட்டாலும் அதே சொல். கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தாலும் அதே சொல். படகுத்துறையில் கட்டியிருக்கும் இயந்திரப் படகுக்கும் 'லாஞ்ச்' என்றுதான் பெயர். கப்பலும் படகும் அன்றாட வாழ்க்கையாகிவிட்ட அந்தமான் நிகோபார் தீவுகளின் வாடிக்கையாளர்களுக்கு இச்சொல் மற்றவர்களைவிடச் சற்று நெருக்கமானது. ஆகவே இம்முறை அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு வியப்பு. படகைக் குறிக்கும் 'லாஞ்ச்' வேறு. தொடங்குதலைக் குறிக்கும் 'லாஞ்ச்' வேறு. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாக அமைந்துவிட்டதால் இரண்டும் ஒரே சொல் என்று தோன்றுகிறது. படகின் பெயர் போர்ச்சுகீசிய மொழியின் 'லாஞ்சா' வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் மலாய் மொழியில் விரைந்து செல்லும் படகைக் குறித்த சொல் என்பது அகராதிகள் தரும் விளக்கம். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் அப்பகுதிக் கடல்களில் நெடுங்காலம் திரிந்தவர்கள். பெரிய நிகோபார்த் தீவின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுதான். ஆங்கிலச் சொல் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் தீவுவாசிகளின் அண்டைவீட்டுச் சொல்.

தொடங்குதலைக் குறிக்கும் மற்றச் சொல்லின் பிறப்பிடம் போர்க்களம். ஈட்டியைக் குறிக்கும் 'லான்ஸ்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, ஈட்டியை வீசுதல் என்னும் பொருளில் அது கிளைத்தது. தமிழிலும் இதே நிகழ்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. 'ஏ' என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குப் பழந்தமிழில் அம்பு என்று பொருள். அதனோடு உறவுடைய 'ஏவு' என்ற வினையையே இன்று ராக்கெட்டுக்குப் பயன்படுத்துகிறோம். ஈட்டியிலிருந்து ஆங்கிலமும் அம்பிலிருந்து தமிழும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இவ்வளவு பொருத்தமான இணை எளிதில் கிடைப்பதில்லை.

இந்தப் பிறப்பை நினைவில் வைத்துக்கொண்டால் சொல்லின் எல்லையும் புலப்படும். ஈட்டி கையை விட்டுப் புறப்பட்டது என்பதை அது சொல்கிறது. இலக்கில் தைத்ததா என்பதைச் சொல்வதில்லை. சந்திரயான்-3 ஏவப்பட்டது 2023 ஜூலை 14ஆம் நாள். நிலவில் இறங்கியது ஆகஸ்ட் 23ஆம் நாள். இடையே 40 நாள்கள். ஏவுகலம் ஒன்று எழும்பியபின் அதன் பாதையைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கென்றே இஸ்ரோ தரைநிலையங்களை அமைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இருக்கிறது.

கப்பல்களின் கதை இதைவிட நீண்டது. 1971 போரின்போது அந்தமான் கடலில் நிலைகொண்டிருந்த முதல் விக்ராந்த், இங்கிலாந்தில் 1945 செப்டம்பர் 22 அன்று நீரில் இறக்கப்பட்டது. போர் முடிந்ததால் வேலை நின்றது. 1957இல் இந்தியா அதனை வாங்கி, எஞ்சிய பணிகளை முடித்து, 1961 மார்ச் 4 அன்றுதான் கடற்படையில் சேர்த்தது. கொச்சியில் கட்டப்பட்ட இரண்டாம் விக்ராந்த் 2013 ஆகஸ்ட் 12இல் நீரில் இறங்கி, 2022 செப்டம்பர் 2இல் பணியில் சேர்ந்தது. கப்பலைப் பொறுத்தவரை 'லாஞ்ச்' என்பது உடல் மிதக்கத் தொடங்கும் நாள். பணியில் சேரும் நாளுக்கு ஆங்கிலத்தில் 'கமிஷன்' என்று வேறு சொல் உண்டு. செய்தித்தாளில் முதல் சொல்லைப் பார்த்துவிட்டுக் கப்பல் பயணத்துக்கு ஆயத்தம் என்று எண்ணுவோர் பலர்.

இங்கே ஒரு வழக்குக் குறிப்பும் தேவைப்படுகிறது. ஒரு கப்பலின் வாழ்நாளில் இச்சடங்கு ஒரே முறைதான். எனவே சென்னைக்குப் புறப்படும் பயணிகள் கப்பல் காலை ஆறு மணிக்கு 'லாஞ்ச்' ஆகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவது பிழை. 'செயில்ஸ்' அல்லது 'லீவ்ஸ்' என்பதே முறை. கடிதத்தையோ காசோலைப் புத்தகத்தையோ அனுப்புவதற்கும் இச்சொல் பொருந்தாது. அதற்கு 'டிஸ்பாட்ச்' இருக்கிறது. ஒலிப்பில் நெடிலைக் குறுக்கிவிட்டால் மதிய உணவாகிவிடும் என்பதை ஆங்கிலம் பயிலும் மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் யாராவது ஒருவர் முன்பே சிரித்திருப்பார்.

இனி வங்கிக்கு வருவோம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, ஜீவன் ஜோதி பீமா, அடல் ஓய்வூதியம் ஆகிய மூன்று திட்டங்களும் 2015 மே 9 அன்று கொல்கத்தாவில் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டன. அவற்றுள் இரு காப்பீட்டுத் திட்டங்களின் பாதுகாப்பும் நடைமுறைக்கு வந்தது ஜூன் 1 முதல். 'லாஞ்ச்' ஆன நாளுக்கும் பாதுகாப்பு தொடங்கிய நாளுக்கும் இடையே மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தன. தனிப்பட்ட வாடிக்கையாளருக்கும் இத்தகைய இடைவெளி உண்டு. ஆண்டுக்கு 436 ரூபாய் செலுத்தி 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு பெறும் ஜீவன் ஜோதி திட்டத்தில் புதிதாகச் சேர்வோருக்கு முதல் 30 நாள்களுக்கு விபத்தினால் நேரும் மரணத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. கணக்கிலிருந்து பணம் பிடித்தாயிற்று, குறுஞ்செய்தியும் வந்தாயிற்று என்பதால் அன்றே எல்லாம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. குடும்பத்தினர் பின்னாளில் மனம் உடைவது பெரும்பாலும் இத்தகைய நாள் கணக்கில்தான். படிவத்தில் 'தொடங்கிய நாள்', 'நடைமுறைக்கு வரும் நாள்' என இரண்டு தேதிகள் இருந்தால், கேட்கவேண்டியது இரண்டாவதைப் பற்றி.

யுபிஐ முறையும் இப்படி இரண்டு படிகளில் வந்தது. 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளுடன் முன்னோட்டமாக அது தொடங்கப்பட்டது. வங்கிகளின் செயலிகள் பொதுமக்களின் கைப்பேசிக்கு வரத் தொடங்கியது ஆகஸ்ட் 25 முதல். முதற்படியை ஆங்கிலத்தில் 'பைலட் லாஞ்ச்' என்பர். இதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலையவேண்டியதில்லை, 'வெள்ளோட்டம்' இருக்கிறது. புதுத்தேர் செய்தால் சுவாமியை எழுந்தருளச் செய்யுமுன் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு பொறுக்கிறதா, வடம் தாங்குகிறதா, திருப்பத்தில் எத்தனை முட்டுக்கட்டை வேண்டும் என்பதெல்லாம் அன்று தெரியும். தேரோட்டம் வேறு நாள். நூலுக்கு வெளியீடு, பொருளுக்கு அறிமுகம், திட்டத்துக்குத் தொடக்கம், கப்பலுக்கு நீரில் இறக்குதல், ராக்கெட்டுக்கு ஏவுதல் என்று ஆங்கிலம் ஒரே சொல்லால் முடித்துவிடுவதைத் தமிழ் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. நம் விளம்பரங்களில் எல்லாவற்றுக்கும் 'அறிமுகம்' என்று எழுதிவிடும் பழக்கம் எமக்கு உடன்பாடன்று.

'இனாகுரேட்' என்ற சொல்லையும் இதனோடு குழப்புவோர் உண்டு. அது விழாவைக் குறிப்பது. விளக்கேற்றுவதும் நாடா வெட்டுவதும் அதிலடங்கும். சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் கடலடியில் இணைக்கும் கண்ணாடியிழைக் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டது. போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் உள்ளிட்ட இடங்களும் இணைந்தன. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்தது. அடிக்கல், திறப்பு, கிளையின் திரையில் இணைப்பு அறுபடாமல் ஓடும் நாள் ஆகிய மூன்றும் மூன்று தேதிகள். 'லாஞ்ச்' என்பதை இவற்றுள் எதற்கு எழுதினாலும் எதனைக் குறிக்கிறோம் என்று உடன் சொல்லிவிடுவது நல்லது.

இறுதியாக, இதே குடும்பத்தில் நாள்தோறும் கைப்பேசிக்கு வரும் சொல் ஒன்று: 'இனிஷியேட்டட்'. பணத்தைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கப்பட்டது என்பதே அதன் பொருள். பணம் கணக்கில் சேர்ந்துவிட்டால் வரும் சொல் 'கிரெடிட்டட்'. முதற் சொல்லைக் கண்டதும் அதை நம்பி வேறொருவருக்குக் காசோலை கொடுப்பது ஆபத்து. பரிவர்த்தனை தோல்வியுற்றால் எத்தனை நாளில் பணம் திரும்பவேண்டும் என்பதை 2019 செப்டம்பர் 20 நாளிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. யுபிஐ மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிக்கப்பட்டு அவர் கணக்கில் சேராதிருந்தால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். ஏடிஎம்மில் கணக்கில் கழிந்தும் பணம் வெளிவராதிருந்தால் 5 நாள்களுக்குள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் எழுதிக் கொடுக்கும்வரை காத்திராமல் வங்கி தானாகவே அதனைக் கணக்கில் சேர்க்கவேண்டும்.