உட்கார ஒரு பெஞ்சு



இந்த மாத வேதபாடத்துக்கு யோபு 2-ம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை வாசித்துக்கொள்ளுங்கள். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரையும் நாம் பிரசங்கத்தில் திட்டாத நாளில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வாயைத் திறப்பதற்கு முன் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிக்கை வெளியிட்டது. வயதானவர்கள்தானே என்று நினைக்காதிருங்கள். அதிகம் சொன்னவர்கள் வாலிபப் பிள்ளைகள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று ஜிம்பாப்வே தேசத்துப் பாட்டிமார் செய்து காட்டியிருக்கிறார்கள். தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ் சார்ஜ் இல்லாமல் வீட்டிலேயே இருந்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தத் தேசத்தில் மனநல டாக்டர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். ஆகவே 2006-ல் அவர் ம்பாரே என்னும் ஏழைப்பேட்டையில் 14 பாட்டிமாரோடு வேலையை ஆரம்பித்தார். கிளினிக் வளாகத்திலே ஒரு மரப்பெஞ்சு, அவ்வளவுதான்.

டாக்டர் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார். யார் வந்து உட்காருவார்கள்? பைத்தியம் என்று ஊர் சொல்லுமே! 'சிநேகப் பெஞ்சு' என்று மாற்றச் சொன்னது பாட்டிமார்தான். மனச்சோர்வு என்ற வார்த்தையையும் அவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. ஷோனா பாஷையில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அதாவது அளவுக்கு மிஞ்சி யோசிப்பது. நம்ம வீட்டு அம்மாக்களும் "ஒரே யோசனையா இருக்குப்பா" என்றுதானே சொல்கிறார்கள்.

வந்தவர் தன் பாரத்தையெல்லாம் கொட்டுவார். பாட்டி கேட்பாள். எந்தப் பிரச்சனையை முதலில் எடுப்பது என்று வந்தவரே தெரிந்தெடுப்பார். அப்புறம் அவரை ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே எல்லாரும் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாய்த் திறக்கும். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் சோதித்த முடிவு 2016-ல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குப் பின் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு இன்னும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கே இருந்தது.

நம் சபைகளில் ஒருவர் கண்ணீரோடு வந்தால், என்ன விஷயம் என்று கேட்பதற்கு முன்னே தலையில் கை வைத்துவிடுகிறோம். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜெபம் ஐந்து நிமிஷம், அவங்க கதை முக்கால் மணி நேரம். யோவான் 5-ல், 38 வருஷம் படுக்கையில் கிடந்தவன் முதலில் சொன்னது வியாதியைப் பற்றி அல்ல, தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதைத்தான். ஆண்டவர் அதைச் சொல்ல விட்டார். குணமாக்கினது அதற்குப் பிறகு.

நம் சபையில் அறுபது தாண்டிய அம்மாக்கள் அநேகர் உண்டு. அடுத்த உபவாச ஜெபம் முடிந்ததும் அவர்களில் இரண்டு பேர் பின்வாசலண்டை பாய் விரித்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். வாரம் தவறக்கூடாது, ஆள் வராவிட்டாலும் உட்காரணும். 'ஆலோசனை ஊழியம்' என்று போர்டு மாட்டவேண்டாம். அங்கே கேட்டது அந்தப் பாயோடு இருக்கட்டும், சாட்சி நேரத்தில் மைக்கில் வரக்கூடாது. சாவைப் பற்றின பேச்சு யார் வாயிலாவது வந்தால் மட்டும் தாமதிக்காமல் பாஸ்டரிடம் சொல்லி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் சார்ஜை சபைக் காணிக்கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.