உரிமம் முடங்கினால்: வேலைக்குப் போக மட்டும் அனுமதி கிடைக்குமா?

"மூணு மாசம் வண்டியே தொடக் கூடாதுன்னா பொழப்பு எப்படி சார் நடக்கும்? வேலைக்குப் போய்வர மட்டுமாவது லைசென்ஸ் தரக் கூடாதா?"

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் சிக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி எழும். அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், வேலைக்குச் சென்றுவர மட்டும் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டு உரிமம் உண்டு. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ஆனாலும் நீங்கள் கேட்கக்கூடிய சில நிவாரணங்கள் உண்டு. அவற்றை உரிய நேரத்தில் கேட்க வேண்டும்.

அபராதம் வேறு, உரிமம் வேறு

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் பிரிவு 185-இன் கீழ் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.15,000 அபராதம் அல்லது இரண்டும். இது நீதிமன்றத்தில் முடிய வேண்டிய வழக்கு.

"ஃபைன் கட்டியாச்சு, விஷயம் முடிஞ்சது" என்று இருந்துவிடாதீர்கள். உரிமத்தின் மீதான நடவடிக்கை தனி. காவல்துறையினர் உங்கள் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பலாம். அப்போது ஓர் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது. சட்டமே அப்படித் தெளிவாகச் சொல்கிறது.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யலாம்?

உத்தரவு போடும் முன், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அந்த விசாரணையை விட்டுவிடாதீர்கள். நேரில் போங்கள், சொல்ல வேண்டியதை எழுத்திலும் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை அனுப்பிய வழக்கில் அலுவலர் உங்களை விடுவிக்கலாம். குற்றம் என்று முடிவெடுத்தால், முதல் முறைக்கு 3 மாதம் தகுதியிழப்பு. இரண்டாவது முறை என்றால் உரிமமே ரத்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உரிமத்தில் உள்ள "எல்லா வகை வாகனங்களுக்கும்" தடை போடலாம், "ஏதேனும் ஒரு வகைக்கு" மட்டும் போடவும் சட்டத்தில் இடமுண்டு. நீங்கள் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். பைக்கில் வந்தபோது பிடிபட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தடையை இருசக்கர வாகனத்துடன் நிறுத்தும்படி காரணத்தோடு மனு கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அலுவலரின் முடிவு. ஆனால் கேட்காமல் கிடைக்காது.

உத்தரவில் உடன்பாடு இல்லையா? அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுதியிழப்பை நீதிமன்றமே விதித்திருந்தால் மேல்நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

திரும்பப் பெறுவது எப்படி?

3 மாதம் கழிந்ததும் உரிமம் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தரப்படும். எந்தப் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தடைக்காலத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டால் 3 மாதம் 4 மாதம் ஆகிவிடும். உரிமம் செல்லுபடியில் உள்ளதா என்று சாரதி இணையதளத்தில் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.

இடைப்பட்ட நாட்களில்

"பக்கத்துத் தெருதானே, யார் பார்க்கப் போறாங்க?" என்று கிளம்பிவிடாதீர்கள். தடையை மீறி ஓட்டினால் பிரிவு 182-இன் கீழ் 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடமே திருப்பிக் கேட்கும் நிலை வரலாம். ஒரு நாள் சவாரி, பல ஆண்டுக் கடனாகிவிடும்.

அதைவிட, வேலை தருபவரிடம் உள்ளதைச் சொல்லி, அந்த 3 மாதத்துக்கு ஓட்டுநர் அல்லாத வேலை கேளுங்கள். சொந்த வண்டி வைத்திருந்தால், உரிமம் உள்ள இன்னொருவரை அமர்த்தி ஓட்டச் சொல்லலாம். வண்டிக்குத் தடை இல்லை, தடை உங்களுக்குத்தான்.