புது கோச் வரும்போது: தோணிரேவு ரசிகர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னையின் எஃப்சிக்கு அடுத்த கோச் யார் என்ற பேச்சு கிளம்பினால் பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் தோணிரேவில் வலை பிரிக்கிற இடத்திலும் அதே பேச்சுதான். நண்டை வலையிலிருந்து கழற்றிக்கொண்டே ஒருவன் ஒரு பெயரைச் சொல்வான். பக்கத்தில் இருப்பவன் அந்தப் பெயரை அங்கேயே அடித்து வீழ்த்துவான். நேரு ஸ்டேடியத்துக்குப் போய்வருவது நமக்குச் சின்ன வேலை இல்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், பொன்னேரியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், இரவு ஆட்டம் முடிந்து திரும்பும்போது பொன்னேரியில் யாராவது தெரிந்தவரின் பைக். இத்தனை சிரமப்பட்டு ஓர் அணியை நேசிக்கிறவர்களுக்கு அதன் கோச்சைப் பற்றிப் பேச முழு உரிமை உண்டு. பேசுவதை நன்றாகப் பேசலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

1. முதலில் அவர் கைக்கு வந்த அணியைப் பாருங்கள்.

ஏரியில் முறைவைத்துப் பாடு இறங்கியவனுக்கு இறால் குறைந்தால் நாம் உடனே ஆளைக் குறை சொல்வதில்லை. முகத்துவாரம் திறந்திருந்ததா, காற்று எப்படி, அவன் முறைக்கு எந்த இடம் விழுந்தது என்று விசாரித்த பிறகுதான் வாய் திறப்போம். கோச் விஷயத்திலும் அந்த விசாரணை வேண்டும்.

ஜான் கிரிகரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் சென்னையினுக்குக் கோச்சாக வந்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்சியை அதன் சொந்த ஊரிலேயே 3-2 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையைக் கொண்டுவந்தார். பெங்களூருவின் சுனில் சேத்ரி முதலில் கோல் போட்ட ஆட்டம் அது. நம் மைல்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து வந்த பந்துகளை இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளியதை நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் செய்து காட்டுவார்கள். அடுத்த பருவத்திலும் அதே கிரிகரிதான் கோச், முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் அப்படியே இருந்தார்கள். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, பட்டியலில் கடைசி இடம். ஒரே வருடத்தில் அவருக்கு ஆட்டம் மறந்துபோய்விட்டதா? தடுப்பில் நின்ற ஹென்ரிக் செரெனோ போய்விட்டார், நடுக்களத்தில் ஓடிய வியாசர்பாடி தனபால் கணேஷ் காயத்தால் ஆடவில்லை. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசினால் கிரிகரியின் தவறு எது, அணியின் குறை எது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

2019-இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள். அணி நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் எஃப்சி கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதியாட்டம் வரை போனது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா பயத்தில் ரசிகர்களையே உள்ளே விடாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது. நம் முன்வரிசை ஆட்டக்காரர் நெரியுஸ் வல்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார்.

அதே கோய்ல் 2023-இல் திரும்பி வந்தபோது நாம் கொண்டாடினோம். முதல் பருவத்தில் ஆறாம் இடம், பிளே-ஆஃப் வாய்ப்பு. அடுத்த பருவமான 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆவது இடம். ஆளும் அவரே, கிளப்பும் அதே. அதனால் “கோய்ல் நல்ல கோச்சா?” என்று கேட்டு இரவெல்லாம் சண்டை போட்டாலும் முடிவு வராது. “15 கோல் அடிக்கிற ஒருவன் முன்னால் நின்றபோது என்ன செய்தார், அப்படி ஒருவன் இல்லாதபோது என்ன செய்தார்?” என்று கேளுங்கள். அப்போது ஆட்டத்தைப் பார்த்தவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

2. ஓர் ஆட்டக்காரனை அவர் எப்படி மாற்றினார் என்று தேடிப் பாருங்கள்.

வெற்றி தோல்விக் கணக்கைவிட இது நிறையச் சொல்லும். கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை நம்மைப் போல மீன்பிடி ஊர். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அந்தக் கரையே கால்பந்துக் கரை. அங்கிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்பிலும் ஜாம்ஷெட்பூரிலும் தாக்குதல் ஆட்டக்காரராகப் பெயர் வாங்கியவர். 2019-இல் ஏடிகேக்குப் போனபோது கோச் அந்தோனியோ ஹபாஸ் அவரை இடது ஓரத்தில் கொஞ்சம் பின்னே தள்ளி நிறுத்தினார். பின்னால் மூன்று தடுப்பாளர்கள், ஓரத்தில் மேலும் கீழுமாக முழு நீளம் ஓடுவதற்கு இவர். கோல் அடிக்கிற கால் இருக்கிறவனைத் தடுப்பு வேலையும் பார்க்கச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், அவனை அதற்குச் சம்மதிக்க வைக்கவும் தெரிய வேண்டும். அந்தப் பருவக் கோப்பை ஏடிகேக்குப் போனது.

ஒரு பெயர் அடிபடும்போது அவர் முன்பு இருந்த அணியின் பழைய ஆட்டம் ஒன்றை போனில் முழுசாகப் பாருங்கள். கோல் தொகுப்பு மட்டும் போதாது. பந்து பறிபோன அடுத்த ஐந்து நொடியில் அணி என்ன செய்கிறது, 70-ஆவது நிமிடத்தில் யாரை வெளியே எடுக்கிறார், இருபது வயதுப் பையன் யாராவது உள்ளே இறங்குகிறானா என்று கவனியுங்கள்.

3. கோச்சைக் கொண்டுவந்தவர்களையும் கேளுங்கள்.

மார்கோ மாத்தெரட்ஸி, கிரிகரி, கோய்ல், சாபா லாஸ்லோ, போஜிதார் பாண்டோவிச், தோமஸ் பிர்தாரிச், மறுபடியும் கோய்ல். சென்னையினில் 2014 முதல் பத்து வருடங்களில் ஏழு நியமனங்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஆட்டமுறை. வேகமாக மேலேறி அழுத்துகிறவருக்காக வாங்கிய ஆட்டக்காரர்களை, பின்னால் இறங்கிக் காத்திருக்கச் சொல்கிறவரிடம் ஒப்படைத்தால் யார் ஜெயிக்க முடியும்? அணி எந்த மாதிரி ஆட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்துகிற ஆளைத் தேடினார்களா? கிளப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கோச் தோற்றால் போய்விடுவார். தேர்ந்தெடுத்தவர்கள் இருப்பார்கள்.

ஒப்பந்தம் எத்தனை வருடம், நடுவில் அனுப்பினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் ரசிகனுக்குத் தெரிய வேண்டிய சங்கதிதான். அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் கோச்சுக்கே இந்தக் கணக்கு பயங்கரமானது. அவர்கள் ஆடுவது வேறு ஃபுட்பால், இருந்தாலும் ரசிகர்களின் வெறி நம்மைப் போலத்தான். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். நீக்கச் சொல்லிக் கத்துவதற்கு முன் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பது நல்லது.

4. நம் நாட்டுப் பயிற்சியாளர்களைத் தெரிந்துவைத்திருங்கள்.

சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சியில்தான் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் எடுத்தது. அப்போதே உடம்பு முடியாமல் இருந்த மனிதர், அடுத்த வருடமே இறந்துபோனார். இந்தியனுக்குக் கோச் வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பெயரே போதும்.

சென்னைக்காரரே ஒருவர் உண்டு, சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணியிலும் இந்திய அணியிலும் முன்வரிசையில் ஆடியவர், பிறகு சென்னையினில் உதவிப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டபோது தற்காலிகப் பொறுப்பு அவரிடம் வந்தது. பருவம் முடிந்ததும் வேறு வெளிநாட்டுக் கோச் வந்தார். பாஷாவுக்கு ஒரு முழுப் பருவம் கிடைக்காதது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். 2025-இல் கோய்லுக்குப் பிறகு கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தலைமைக் கோச் ஆக்கினார்கள். 2023-இல் ஒடிசாவுக்கு இடைக்காலக் கோச்சாக இருந்து சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தவர். ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்றே தெரியாத வருடத்தில் இந்தப் பொறுப்புக்கு வந்தவர் என்பதையும் அவரைப் பற்றிப் பேசும்போது சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

1. பெரிய பெயர் கேட்டதும் ஊரெல்லாம் பரப்பாதீர்கள். 2025 ஜூலையில் இந்திய அணியின் கோச் வேலைக்கு ஸ்பெயினின் புகழ்பெற்ற கோச்சுகளான சாவியும் பெப் கார்டியோலாவும் விண்ணப்பித்தார்கள் என்று செய்தி ஓடியது. சாவிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதுவரை விவாதம் போனது. கடைசியில் அந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை இல்லை என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே அறிவித்தது.

2. கேள்விப்படாத பெயர் என்று தள்ளாதீர்கள். அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? முந்தைய பருவத்தில் பட்டியலின் கீழே கிடந்த சென்னை சிட்டியைக் கையில் எடுத்து, 2018-19 ஐ-லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். காலித் ஜமீல் 2016-17-இல் ஐஸ்வால் எஃப்சியை இந்தியச் சாம்பியன் ஆக்கினார். அதற்கு முந்தைய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டு, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி அது.

3. வெளிநாட்டவரா, இந்தியரா என்பதையே முழுப் பரீட்சையாக வைக்காதீர்கள். காலித் ஜமீல் 2025 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அணிக்குத் தலைமைக் கோச் ஆனார். சாவியோ மெதேய்ராவுக்குப் பிறகு 13 வருடம் கழித்து அந்த இடத்துக்கு வந்த இந்தியர். செப்டம்பரில் காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வந்ததும் “பார்த்தாயா, நம்ம ஆள்” என்றோம். அக்டோபர் 14-இல் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்புப் போனதும் “அதான் சொன்னேன்” என்றார்கள். ஐந்து வாரத்தில் மனிதரின் பிறந்த நாடு மாறிவிடவில்லை. இரண்டு பேச்சிலும் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

4. பருவம் பாதியில் இருக்கும்போதே தீர்ப்பு எழுதாதீர்கள். 2015-ஐ நினைத்துப் பாருங்கள். மாத்தெரட்ஸியின் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. நம் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மிதந்த நாட்கள். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைக்கூடப் புனேயில் வைத்தார்கள். அந்த அணிதான் டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் கண்டு, எஃப்சி கோவாவை 3-2 என்று வென்றது. மாத்தெரட்ஸியை நவம்பரிலேயே அனுப்பியிருந்தால் அந்தக் கோப்பை ஏது?

5. கோச்சின் மதம், நிறம், குடும்பம் பக்கம் போகாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒருவன் ஆரம்பித்தால் பெரியவர்கள் அங்கேயே நிறுத்துங்கள்.

6. கோச் மீதுள்ள கோபத்தில் உள்ளே இறங்குகிற பையனைக் கூச்சலிட்டு நோகடிக்காதீர்கள். அவனை இறக்கியது அவன் முடிவில்லை.

நம் ஊர் அணிக்கு மட்டும்

ஏரிக்கரை ஊர்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற அண்ணன்கள் யாரும் சம்பளத்துக்கு நிற்பவர்கள் இல்லை. விடிகாலையில் ஏரிக்குப் போய்வந்து, நண்டு ஏலம் முடிந்து, மாலையில் திடலுக்கு வருகிறவர்கள். தொழிலுக்குப் போக முடியாத நாளில்தான் முழு நேரம் கிடைக்கும், அன்றைக்குக் கையில் காசு இருக்காது. ஐஎஸ்எல் கோச்சை அளக்கிற அளவுகோலை இவர்களிடம் நீட்டாதீர்கள்.

யாரைக் கோச்சாக வைப்பது என்பதைப் பொங்கல் போட்டிக்கு முந்தின வாரம் பேசாமல், போட்டி முடிந்த கையோடு ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், நடுவில் மாற்றக்கூடாது. தன் மகனை இறக்கவில்லை என்று அப்பாக்கள் கோடு தாண்டித் திடலுக்குள் வரக்கூடாது. பெண் பிள்ளைகளும் ஆட வந்தால் அவர்களுக்கும் அதே கோச், அதே நேரம், அதே பந்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் ஆட வேண்டும் என்பதைக் கோச்சே முடிவு செய்யட்டும், தோற்றால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள், ஆனால் அடுத்த நாள் கேளுங்கள். பந்து, பம்ப், வலை, முதலுதவிப் பெட்டி, வெளியூர்ப் போட்டிக்கு வேன் வாடகை இத்தனைக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒருவர் கையில் கணக்கோடு வைத்திருங்கள். எதையும் அந்த அண்ணன் தன் கைக்காசைப் போட்டு வாங்கும்படி விடாதீர்கள்.