மழை நாளில் நின்றுபோகும் நிரல்

கேள்வி: ஈப்போவில் கணினி படிக்கிறேன். சுங்கை சிப்புட் பக்கம் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. அங்கே உறவினர் வீட்டில் ஒரு மழைமானியை ராஸ்ப்பெரி பையோடு சீரியல் போர்ட்டில் இணைத்திருக்கிறேன். நிரல் ரஸ்ட் மொழியில். ஓப்பன், ரீட், க்ளோஸ் மூன்றையும் லிப்சி க்ரேட் வழியாக நேரடியாக அழைக்கிறேன். சில நாள் ஓடிவிட்டு, ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. இடி மழை பெய்யும் நாளில்தான் இது அதிகம். நிக்ஸ் அல்லது ரஸ்டிக்ஸ் நூலகத்துக்கு மாறச் சொல்கிறார்கள். ரஸ்ட்டே பாதுகாப்பான மொழிதானே, அதற்கு மேல் இன்னொரு நூலகம் எதற்கு?

பதில்: தம்பி, இடி மழையைக் கவனித்துச் சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மின்னல் நேரத்தில் கம்பியில் இரைச்சல் ஏறும், மழைமானியின் பதில் சிதைந்து வரும். உங்கள் நிரல் அதைப் பிழையென்று கண்டு செயற்கூற்றிலிருந்து பாதியிலேயே திரும்பிவிடும். க்ளோஸ் அழைப்பு அதற்குக் கீழே இருப்பதால் அந்த வரிக்கு நிரல் போவதே இல்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோப்பு திறந்தபடியே கிடக்கும். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமான வரம்பு 1024. அது நிறைந்ததும் கெர்னல் 24ஆம் எண் பிழையைத் தருகிறது. நீங்கள் பார்த்த செய்தி அதுதான். ப்ராக் கோப்புறையில் உங்கள் நிரலின் செயல்முறை எண்ணுக்குள் எஃப்டி என்றொரு கோப்புறை உண்டு. மழை நாளில் அதைத் திறந்து பாருங்கள். ஒரே சீரியல் போர்ட் வரிசை வரிசையாக நின்றால் என் ஊகம் சரி.

ரஸ்ட் பாதுகாப்பான மொழிதான். ஆனால் லிப்சி க்ரேட்டில் நீங்கள் அழைப்பது சி மொழிச் செயற்கூறுகளை. அதனால்தான் ஒவ்வொரு அழைப்பையும் அன்சேஃப் தொகுதிக்குள் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே ஓப்பன் திருப்பித் தருவது வெறும் முழு எண். யார் அதற்கு உரிமையாளர், யார் மூட வேண்டும் என்பது அந்த எண்ணில் இல்லை. ரீட் அழைப்புக்கு நினைவக முகவரியையும் நீளத்தையும் தனித்தனியே கொடுக்கிறீர்கள். நீளம் தவறினால் பக்கத்து நினைவகத்தின் மேல் தரவு எழுதப்படும், கம்பைலர் வாய் திறக்காது. தோல்வி என்றால் -1 வரும், காரணம் எர்னோவில் தனியாக இருக்கும். -1ஐப் பார்க்க மறந்தாலும் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கோப்புகள் கசிவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கோப்பு எண் மறுபடி பயன்படுவது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரையை, அதாவது மர வரிசையை, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் அல்லவா? கெர்னலும் அப்படித்தான்: 5ஆம் எண் கோப்பு மூடப்பட்டால், அடுத்துத் திறக்கும் கோப்புக்குக் காலியாக உள்ள மிகச் சிறிய எண்ணைத் தரும், அது 5 ஆகவே இருக்கலாம். பழைய 5ஐ இன்னும் பிடித்திருக்கும் வேறொரு த்ரெட் தன் தரவை யாருடைய கோப்பிலோ எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

ரஸ்டிக்ஸை எழுதிய டான் கோமன் இந்தச் சிக்கலுக்கு மொழியிலேயே தீர்வு வேண்டுமென்று முன்மொழிந்தார். 2022 ஆகஸ்டில் வந்த ரஸ்ட் 1.63இல் ஓன்ட்எஃப்டி, பாரோட்எஃப்டி என்ற இரு வகைகள் நிலைபெற்றன. முதலாவது உரிமையாளர்: அதன் ஆயுள் முடிந்ததும் கோப்பு தானாக மூடப்படும், செயற்கூறு பாதியில் திரும்பினாலும் சரி. இரண்டாவது இரவல், உரிமையாளர் போன பிறகு அதைப் பயன்படுத்தினால் நிரல் கம்பைல் ஆகாது. உங்கள் கசிவுக்குத் தேவையான மருந்து முதலாவதுதான். ரஸ்டிக்ஸ் இந்த வகைகளின் மேல்தான் நிற்கிறது. நிக்ஸின் பழைய பதிப்புகள் பல இடங்களில் வெறும் எண்ணையே தந்தன, ஆகவே புதிய பதிப்பை எடுங்கள். இரண்டுமே நீளத்தோடு கூடிய ஸ்லைஸை வாங்கி, ரிசல்ட்டைத் திருப்பித் தருகின்றன. லினக்ஸில் ரஸ்டிக்ஸ் பொதுவாக லிப்சியைத் தொடாமல் நேராகக் கெர்னலிடம் பேசுகிறது. மேக் போன்றவற்றில் லிப்சி வழியாகவே போகும்.

எதை எடுப்பது? கோப்பைத் திறந்து படிக்க மட்டும் என்றால் ரஸ்ட்டின் சொந்த ஃபைல் வகையே போதும். சீரியல் வேகத்தை அமைக்க டெர்மியோஸ் தேவை, அது ஸ்டாண்டர்ட் நூலகத்தில் இல்லை. அதற்கு ரஸ்டிக்ஸைச் சொல்வேன். கார்கோ கோப்பில் டெர்மியோஸ் வசதியை நீங்களே இயக்க வேண்டும். இன்னொரு நிரலைத் துவக்கப் போகிறீர்கள் என்றால், திறந்த போர்ட் அதற்கும் போய்ச் சேராதபடி ஓப்பனில் க்ளோஎக்ஸெக் கொடியையும் சேருங்கள். ஃபைல் வகை அதைத் தானாகச் சேர்க்கும், ரஸ்டிக்ஸ் சேர்க்காது.

நிக்ஸ், ரஸ்டிக்ஸ் போன்ற உறை நூலகங்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நிக்ஸில் ஃபோர்க் இன்னும் அன்சேஃப்தான், ஏனென்றால் பல த்ரெட் ஓடும் நிரலைக் கிளைக்கச் செய்வதன் ஆபத்தை எந்த வகையாலும் மறைக்க முடியாது. தானாக மூடும்போது க்ளோஸ் தரும் பிழையும் கைவிடப்படும். மழை அளவை மெமரி கார்டில் எழுதுகிறீர்கள் என்றால், மூடுமுன் சிங்க்_ஆல் அழைத்து அதன் விடையைப் பாருங்கள்.

1024 வரம்பை உயர்த்தினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், நிரல் நிற்கும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. போர்ட்டை ஒவ்வொரு முறையும் திறக்காமல் ஒரே முறை திறந்து வைத்துக்கொண்டு, தொடர்ந்து பிழை வந்தால் மட்டும் மூடிவிட்டு மறுபடி திறவுங்கள்.