குஞ்சின் கால் முடங்கினால் என்ன செய்வது?

சென்னையை அடுத்த மேனாம்பேட்டில் வயல்கள் மனைகளாகி நெடுநாளாயிற்று. அம்பத்தூர் நகராட்சியே 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. ஆயினும் கொல்லையில் ஐந்தாறு நாட்டுக் கோழிகள் வளர்க்கும் வழக்கம் இத்தகைய ஊர்களில் அற்றுப் போகவில்லை. முன்பு மண் தரையில் தாய்க் கோழியுடன் கிளறித் தின்ற குஞ்சுகள், இப்போது பல வீடுகளில் அட்டைப் பெட்டியிலும் வழவழப்பான தரையிலும் வளர்கின்றன. கால் கோளாறுகளில் சில இந்த மாற்றத்தால் வருபவை.

குஞ்சு நொண்டுவதைக் கண்டதும் "வாதம் வந்துவிட்டது" என்று அதைக் கழித்துவிடுவோர் உண்டு. சுண்ணாம்புச் சத்து மருந்தை எல்லாக் குஞ்சுகளுக்கும் ஊற்றுவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. கால் முடக்கம் என்பது ஒரே நோயன்று. குஞ்சின் வயது என்ன, கால் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை குஞ்சுகளுக்கு இருக்கிறது என்ற மூன்றையும் கவனித்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும்.

முதல் வாரம்: அகன்ற கால்

பொரித்த ஓரிரு நாட்களில் குஞ்சின் இரு கால்களும் பக்கவாட்டில் அகன்று, வயிறு தரையில் படியக் கிடந்தால், தரை வழுக்குவதே முதற் காரணமாக இருக்கலாம். செய்தித்தாள் விரித்த பெட்டியில் இது எளிதில் நேரும். அடைகாக்கும்போது வெப்பமும் ஈரமும் சீராக இல்லாவிட்டாலும் நேரலாம்.

இது குணமாகக் கூடியது. ஆனால் தாமதிக்கக் கூடாது. அரை சென்டிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்திரித் துண்டால், செதில் உள்ள பகுதியில் இரு கால்களையும் தளர்வாக இணைக்க வேண்டும். கால்களுக்கிடையே குஞ்சு இயல்பாக நிற்கும் அளவுக்கு, ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர், இடைவெளி இருக்கட்டும். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்த வேண்டும். நாள்தோறும் பார்த்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் அவிழ்த்துவிடலாம். தரையில் சாக்கு விரித்தால் கால் பிடிக்கும். பிறகு நெல் உமியை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பலாம்.

இரண்டாம் வாரம்: சுருண்ட விரல்

விரல்கள் உட்புறமாகச் சுருண்டு, குஞ்சு கணுக்கால் மூட்டில் உட்கார்ந்தபடி நகர்ந்தால், ரிபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 குறைவு என்று ஐயுற வேண்டும். வெறும் நொய்யிலேயே வளரும் குஞ்சுகளுக்கு இது வரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் பன்னிரண்டு நாள் வயதுள்ள 14 குஞ்சுகளில் மூன்றுக்கு விரல் சுருண்டிருக்கிறது என்று கொள்வோம். வைட்டமின் மருந்தை அந்த மூன்றுக்கு மட்டும் கொடுத்து நின்றுவிடக் கூடாது. நொண்டுபவை மூன்று, தீவனக் குறையோ பதினான்கிற்கும் உண்டு. எல்லாக் குஞ்சுகளுக்கும் குஞ்சுத் தீவனம் கொடுத்து, பொடியாக நறுக்கிய கீரையும் சேர்க்க வேண்டும். பி வைட்டமின் மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் தண்ணீரில் கலந்து தரலாம். வெளிச்சம் பட்டால் இந்த வைட்டமின் சிதையும். எனவே தண்ணீரை வெயிலில் வைக்காமல் நாள்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும். தொடக்கத்தில் கவனித்தால் குஞ்சு தேறும். நாட்பட்டால் நரம்பு கெட்டு ஊனம் நிலைத்துவிடும்.

எலும்பும் தசைநாரும்

இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட குஞ்சு நடக்கத் தயங்கி அடிக்கடி உட்கார்ந்தால் அலகை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அது ரப்பர் போல் வளைந்தால் எலும்பு மென்மை நோய் இருக்கலாம். சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வைட்டமின் டி ஆகியவற்றின் குறைவே காரணம். இருட்டறையில் வளரும் குஞ்சுகளைத் தினமும் சிறிது நேரம் நேரடி வெயிலில் விட வேண்டும். கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயில் இதற்குப் பயன்படாது. பக்கத்தில் நிழலும், காகம், பூனை அணுகாத காப்பும் தேவை.

கணுக்கால் மூட்டு பருத்துத் தட்டையாகி, பின்புறத் தசைநார் பக்கவாட்டில் நழுவி, கால் முறுக்கிக்கொண்டால் அது வேறு கோளாறு. மாங்கனீசு என்னும் தாதுவின் குறைவு இதற்குக் காரணமாகும் என்பது 1936இல் அமெரிக்க ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. மக்காச்சோளத்தில் மாங்கனீசு குறைவு. அரிசித் தவிட்டில் மிகுதி. தீவனத்தில் சுண்ணாம்பு அளவுக்கு மிஞ்சினால் இக்கோளாறு மேலும் முற்றும். ஆகவே காரணம் அறியாமல் கிளிஞ்சல் தூளை அள்ளிப் போடுவது நன்மைக்குப் பதில் தீமையே செய்யும். முட்டைக் கோழித் தீவனத்தையும் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாகாது. அதில் குஞ்சுக்கு வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முற்றாக முறுக்கிய கால் நேராவது அரிது. தீவனத்தைத் திருத்தினால் மற்றக் குஞ்சுகள் தப்பும்.

தொற்று நோய்களை மறவாதீர்

ஒரு கால் முன்னும் மற்றொன்று பின்னுமாக நீட்டிக் கிடப்பது மேரக்ஸ் நோயின் அடையாளம். ஹங்கேரி நாட்டு மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்த நோய் இது. பெரும்பாலும் ஆறு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளில் காணப்படும். இதற்கு மருந்தில்லை. பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசியே காப்பு. குஞ்சு வாங்கும்போது இந்த ஊசி போடப்பட்டதா என்று பொரிப்பகத்தில் கேட்டு வாங்க வேண்டும். இறகுத் தூசியில் கிருமி பரவுவதால், பெரிய கோழிகளுடன் குஞ்சுகளைச் சேர்த்து அடைக்கலாகாது.

காலும் சிறகும் தொங்கி, கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில நாட்களில் பல குஞ்சுகள் மடிந்தால் வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் என்று கருத வேண்டும். 1927இல் நம் நாட்டில் தென்பட்டு, ராணிகேத் என்ற மலை நகரின் பெயரைப் பெற்றது இது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட்டால் தடுக்கலாம். இடையில் மறு தவணை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டறிக.

இறந்த குஞ்சைக் குப்பையில் எறியாமல், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். மேனாம்பேட்டினருக்கு வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரமே. இறந்ததை ஆராய்ந்தால் இருப்பவற்றைக் காக்க வழி தெரியும்.

பராமரிப்பே பாதி மருத்துவம்

கால் முடங்கிய குஞ்சு பல வேளைகளில் அந்த நோயால் சாவதில்லை. எட்டாத தண்ணீராலும், மற்றவற்றின் மிதியாலும், கொத்தாலும் சாகிறது. எனவே அதைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். தொற்று நோய் அறிகுறி இல்லாவிட்டால் அமைதியான ஒரு குஞ்சைத் துணைக்கு விடலாம். தனிமையில் குஞ்சு இரை எடுக்காது. முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். தீவனமும் தண்ணீரும் அலகருகே இருக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட்டால் குஞ்சு மூழ்காது. ஆசனவாயில் எச்சம் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் துடைக்க வேண்டும். நோய்க் குஞ்சைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவிய பிறகே மற்றவற்றிடம் போக வேண்டும்.

இவ்வாறு பார்த்தும் ஒரு வாரத்தில் எழுந்து நிற்க முயலாத குஞ்சை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்வது நலம், வதைபட விடலாகாது. மற்றவற்றைப் பொறுத்தவரை, விரிக்கும் ஒரு சாக்கும், மாற்றும் ஒரு பிடி தீவனமும் நாளை முட்டையிடப் போகும் கோழியைக் காக்கும். ஐந்தாறு கோழிகளே உடைய வீட்டில் ஒரு குஞ்சு தேறுவதும் சிறிய வரவன்று.