நம் மண்ணுக்கு ஏற்ற காய்கறி எது?

வடலூரை அடுத்த எங்கள் பள்ளியின் தோட்டக் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர். விடுதிச் சமையலுக்கு ஒரு பங்குக் காய்கறியையாவது தோட்டத்திலிருந்து தருவதாகச் சென்ற ஆண்டு ஒப்புக்கொண்டோம். கையிலிருந்த பணத்தில் காரட், முட்டைக்கோஸ் விதைகளை வாங்கினோம். உறையின் மேலிருந்த படம் அத்தனை அழகு! பங்குனியில் விதைத்தோம், நாள் தவறாமல் நீரும் விட்டோம். செம்மண் சரளையில் முட்டிக்கொண்ட காரட் சுண்டுவிரல் அளவில் இரண்டாகப் பிளந்து வந்தது. முட்டைக்கோஸ் இலை விரித்ததே தவிர உருளவேயில்லை. "இதைக் கீரையாகக் கடைந்துவிடட்டுமா, பிள்ளைகளே?" என்று சமையற்கார அம்மா கேட்டபோது சிரித்துவிட்டோம்.

எங்களுக்குப் போனது சிறு தொகைதான். ஆனால் எங்களுள் பலருடைய வீட்டில் காய்கறியே பிழைப்பு. வெண்டை பொய்த்த ஆண்டில் அடகுக்குப் போன நகை இன்னும் திரும்பவில்லை என்று குழுவில் ஒருத்தி சொன்னாள். அதன்பின் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே தவறினோம் என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

முட்டைக்கோஸும் காரட்டும் குளிரை நாடுபவை. நீலகிரியில் அவை செழிப்பதற்கு அங்குள்ளோரின் கைராசி காரணமன்று. தக்காளி நம் ஊரில் வளரும். எனினும் சித்திரையில் பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரவும் குளிராமற்போனால், மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், காய் இராது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் இட்டு ஏமாறுகிறோம்.

எங்களை மிகவும் வியக்கச் செய்தது அவரை. பந்தல் அவரையை மாசியில் ஊன்றினால் கொடி மட்டும் ஓடும். ஆடியில் ஊன்றியதோ மார்கழி, தையில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பழைய அவரை இரகங்கள் பகற்பொழுது குறையும்போதே பூக்கும் இயல்புடையவை. வடலூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. அதை நாம் உணர்வதுகூட இல்லை, அவரைக்கொடி உணர்கிறது! 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பாட்டிமார் சொல்வதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. எல்லாப் பருவத்திலும் காய்க்க வேண்டுமாயின், பகலின் நீளத்தைப் பாராத கோ 13 போன்ற செடி அவரையைத் தேட வேண்டும்.

இந்தக் 'கோ' என்ன? இரகம் பிறந்த ஊரின் சுருக்கம். கோ என்றால் கோயம்புத்தூர், பி.கே.எம். என்றால் பெரியகுளம், பி.எல்.ஆர். என்றால் நம் பாலூர். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே உள்ள பாலூரில் 1905-ல் தொடங்கிய பண்ணை இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. பாலூர் 1 கத்தரி அங்கிருந்து வந்ததே. பாலூர் 1 பலாவோ பண்ருட்டி அருகே பணிக்கன்குப்பத்தில் நின்ற ஒரு மரத்திலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. பலாப்பிஞ்சும் காய்கறிதானே! நம் வெயிலையும் ஐப்பசி மழையையும் கண்டு தேறிய இரகங்கள் இத்தனை அருகில் இருக்க, நாங்கள் உறைப் படத்தைப் பார்த்து மயங்கினோம்.

ஆனால் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. பூசா சவானி என்ற வெண்டை ஒரு காலத்தில் இந்நோயைத் தாங்குவது எனப் புகழ்பெற்றது. நாளடைவில் அந்த ஆற்றலை இழந்தது. பின்னர் பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் காட்டு வெண்டையோடு கலந்து அர்க்கா அனாமிகாவை உருவாக்கினர். ஆகவே தாத்தா காலத்தில் நன்கு விளைந்தது என்பதால் மட்டும் ஒரு வெண்டையை நம்புவதற்கில்லை. நகை அடகுக்குப் போன வீட்டிலும் இலை மஞ்சளித்துத்தான் பயிர் போயிற்றாம்.

மண்ணும் ஒரே மாதிரியன்று. எங்கள் செம்மண்ணில் நீர் விரைவில் இறங்கிவிடும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் அடைமழைக்குப் பின் நாட்கணக்கில் தேங்கும். அங்கே மேட்டுப்பாத்தி போடாமல் மிளகாய் நாற்றை நட்டால் வேர் அழுகும். ஒரே மாவட்டம்தான், மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை!

நாக்கையும் மறந்துவிடக்கூடாது. சிதம்பரம் கொத்சுக்கு ஏற்ற கத்தரி எல்லா ஊரிலும் கிடைக்காது. வேலூர் மாவட்டத்தார் தங்கள் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை விடாமல் போற்றினர். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாங்கும்போது இன்னொன்றும் கேட்க வேண்டும்: இது இரகமா, வீரிய ஒட்டா? வீரிய ஒட்டின் விதையை எடுத்து வைத்தால் மறு ஆண்டு தாய்ச்செடியைப் போல் வாராது. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். இரகமாயின் நாமே விதை எடுக்கலாம். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் அதில் எளிது. பூசணி, பீர்க்கு வகைகளில் வண்டுகள் மகரந்தத்தைக் கலந்துவிடும், கவனம் வேண்டும்.

இவ்வாண்டு ஆடியில் பந்தல் அவரையும் பாலூர் கத்தரியும் போட்டோம். இரண்டும் விடுதிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நோயில்லாத நான்கு கத்தரிச் செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். அவற்றின் காய்கள் விதைக்கு. சமையற்கார அம்மா அவற்றைப் பறித்துவிடாதபடி முறை வைத்துக் காவல் இருக்கிறோம்.